கடலூரில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி: கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். ஊரில் எந்தப் பள்ளி எப்படிப் பாடம் நடத்துகிறது என்பது கடைக்கு வருகிற கூட்டத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். செயல்திட்டம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, கடை சாத்துகிற நேரத்தில் பெற்றோர் ஓடி வருவார்கள். "அக்கா, நீர் சுழற்சி படம் கலர் பிரிண்ட் போட்டு, சார்ட்டுல நீங்களே ஒட்டிக் கொடுத்துடுங்க." பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். என் பெண் நான்காம் வகுப்பு படிக்கிற பள்ளியிலிருந்து அப்படி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அங்கே சார்ட்டைப் பிள்ளைகளே வகுப்பில் உட்கார்ந்து செய்கிறார்கள். கோடு கோணலாக இருக்கும், எழுத்துப் பிழை இருக்கும், ஆனால் கேட்டால் பிள்ளை விளக்கம் சொல்லும்.

கன்னியர்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை. என் பெண் தமிழ் வழி. சில குறைகளும் சொல்லப்போகிறேன். சின்னப் பள்ளி என்பதால் எந்த டீச்சர் என்று உடனே தெரிந்துவிடும். அதனால் பெயர் போடவில்லை.

பாடத்திட்டம் என்று தனியாக எதுவும் இல்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் உள்ள அதே அரசுப் பாடநூல், அதே மூன்று பருவம். "உங்க ஸ்கூல்ல என்ன ஸ்பெஷல்?" என்று கேட்பவர்களுக்குக் காட்ட அபாகஸ், ரோபோட்டிக்ஸ் ஒன்றும் கிடையாது. புத்தகத்தை எப்படி எடுத்து நடத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடை அளவைப் பாடத்துக்கு டீச்சர் தராசும் படிக்கல்லும் கொண்டுவந்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பிள்ளைகள் நிறையப் பேர். எந்த மீனைக் கூறு போட்டு விற்பார்கள், எதை எடை போட்டு விற்பார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல டீச்சர் போர்டில் எழுதியிருக்கிறார். அரைக்கிலோ நெத்திலி இந்த விலை என்றால் ஒன்றரைக் கிலோ என்ன விலை என்று அந்தப் பிள்ளைகளே கணக்கு போட்டுக் கேட்டார்களாம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் அன்றைக்குத்தான் பேசினான் என்று என் பெண் வந்து சொன்னாள். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இனி கணக்கு நோட்டு. மூன்றாம் வகுப்பில் 302-லிருந்து 147-ஐக் கழிக்கச் சொன்னால் என் பெண் 245 என்று எழுதுவாள். வேறு பள்ளியாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, கீழே "பத்து முறை எழுதி வா". இந்த டீச்சர் அப்படிச் செய்யவில்லை. "இரண்டில் ஏழு போகாது என்றதும் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து போடுகிறாள். பூஜ்யத்தில் நான்கு போகாது என்றால் நான்கையே போடுகிறாள். கடன் வாங்குவது புரியவில்லை" என்று நோட்டில் எனக்கு எழுதி அனுப்பினார். தப்பான விடைக்குப் பின்னால் பிள்ளை என்ன நினைத்தது என்று பார்த்திருக்கிறார். அப்புறம் பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளும், அந்தக் கட்டு பத்து சேர்த்த பெரிய கட்டும் கொடுத்து, நடுவில் பூஜ்யம் இருந்தால் முதலில் நூறை உடைத்துப் பத்துகள் ஆக்க வேண்டும், அதில் ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகள் ஆக்க வேண்டும் என்று கையால் செய்ய வைத்தார். 155 வந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த மாதிரிக் கணக்கில் தடுமாறி நான் பார்க்கவில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கேயும் மனசில் இருப்பது அதுதான்: பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட இப்போது என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குவது. ர, ற மாறுகிற பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் தனியாக வாசிப்பு நடக்கும். அதை யாரும் தண்டனையாக நினைக்காதபடி, நன்றாக வாசிக்கிற பிள்ளையையும் கூட உட்கார வைக்கிறார்கள்.

மதிப்பெண் முறை தமிழ்நாட்டில் வழக்கமாக உள்ளதுதான். பருவம் நடக்கும்போதே போடுகிற வளரறி மதிப்பீடு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீடு 60. அந்த நாற்பதில் இருபது செயல்பாட்டுக்கு, இருபது சிறுதேர்வுக்கு. என் கடையில் விற்கும் சார்ட்டெல்லாம் அந்தச் செயல்பாட்டு மதிப்பெண்ணுக்காகத்தான். பிள்ளை செய்வதை டீச்சர் கண்ணால் பார்த்துப் போட வேண்டிய மார்க்கை எத்தனையோ இடங்களில் பெற்றோரின் கைவேலைக்குப் போடுகிறார்கள். இந்தப் பள்ளியில் அது நடப்பதில்லை என்பதற்கே முழு மார்க் கொடுப்பேன். ரேங்க் கார்டும் கிடையாது. கிரேடுக்குக் கீழே இரண்டு வரி இருக்கும், அந்த இரண்டு வரிதான் எனக்கு உதவியாக இருக்கிறது.

மதம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். காலையில் பொது ஜெபம் உண்டு. மறைக்கல்வி, அதாவது அவர்கள் மதப் பாடம், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்கார வைக்க முடியாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. சேர்க்கும்போது நான் நேராகவே கேட்டேன். தலைமையாசிரியை சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை. "அம்மா, பிள்ளைக்கு முதல் ஆசிரியர் நீங்கதான்னு 1965-லயே எங்க ஆயர்கள் எல்லாம் கூடின வத்திக்கான் சங்கம் சொல்லியிருக்கு. நீங்க கேக்காம யாரு கேப்பா?" என்றார்.

சரி, குறைகள். ஆங்கிலம் வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள், பேச்சு வருவதில்லை. பக்கத்து வீட்டு மெட்ரிக் பள்ளிப் பையன் தப்போ சரியோ பேசிவிடுகிறான். என் பெண் தலையை மட்டும் ஆட்டுகிறாள். பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வைக்கிறார்கள். நான் கடையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போய்விடுகிறேன். துறைமுகத்தில் மீன் வேலைக்குப் போகிறவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் எப்படி வருவார்கள்? டீச்சரிடம் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அரசு சம்பளப் பணியிடம் காலியானால் நிர்வாகம் குறைந்த சம்பளத்தில் ஒருவரைப் போடுகிறது. அவர் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுகிறார். நான்காம் வகுப்பில் நடுவில் டீச்சர் மாறினார், நோட்டில் வந்த குறிப்புகளும் நின்றன. கேட்டதும் மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஒரு டீச்சரின் நல்ல பழக்கத்தைப் பள்ளியின் வழக்கமாக ஆக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு.

செலவு பெரிதாக இல்லை. புத்தகம், சீருடை, சத்துணவு உண்டு. நகரங்களில் உள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் வந்தபிறகு காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளின் முகமே மாறியிருக்கிறது. ஆங்கில வழிப் பிரிவுக்குக் கட்டணம் தனி, அதைப் பற்றி அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் கட்டடத்தையும் ஆண்டு விழா போட்டோவையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு நாலைந்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள். தப்பு விடைக்குப் பக்கத்தில் டீச்சர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.