பெயர்ப்பலகை இல்லாத மாஸி பட்டறை

தாராபுரம் பக்கத்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மெக்கானிக்கும் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "போன் வந்துட்டே இருக்கும் கண்ணு, ஸ்பேனரைக் கையில புடிக்க முடியாது" என்றார். அந்தப் பக்கம் எந்த உரக்கடையில் நின்று 'மாஸிக்காரர் கொட்டகை' என்று கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். எழுபதுகளில் தாத்தா வாங்கிய மாஸி 1035 டிராக்டரை அவரிடம் கொடுத்து, முழுதாகப் பிரித்துக் கட்டி வாங்கினேன். பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் வேலைக்கு இவரை விட்டால் எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. பெயின்ட் வேலையை மட்டும் இவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

வண்டியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி, இங்கிலாந்தின் மாஸி ஃபெர்குசன் 35ஐ அடிப்படையாக வைத்துச் செய்தது இது. என்ஜின் பெர்கின்ஸ் வழி வந்த சிம்ப்சன். மூன்று சிலிண்டர், ஸ்ட்ரோக் 127 மில்லிமீட்டர். பிஸ்டன் அவ்வளவு தூரம் ஏறி இறங்குவதால்தான் அந்த நிதானமான சத்தமும், ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமலே கிடைக்கும் இழுவையும். இதற்கு முந்தின தலைமுறை ஃபெர்குசன் டி.ஈ.20. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்தது அந்த வண்டிகளில்தான். எங்கள் வண்டி மூலனூர் சந்தையைத் தாண்டிப் போனதில்லை.

என்ஜினில் சொல்லிக்கொள்ளும்படி சிக்கல் இல்லை. புகை தள்ளியது, ஆயில் குடித்தது. லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினார். நாசில் மூன்றையும் கழற்றி டெஸ்ட் செய்தார், டீசல் பம்பைக் காலிபரேஷனுக்கு அனுப்பினார். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு விஷயத்தில்தான் ஆளைப் புரிந்துகொண்டேன். வேறொரு இடத்தில் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "கிராங்க் கிரைண்டிங் கண்டிப்பா வரும்" என்று பில்லில் சேர்த்துத்தான் பேசினார்கள். இவர் மைக்ரோமீட்டரை எடுத்து கிராங்கில் பேரிங் உட்காரும் ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு பக்கமாக அளந்து, தீப்பெட்டி அட்டையில் எழுதி, "பாலிஷ் போதும். இன்னொரு கிரைண்டிங் பாக்கி இருக்குது, உங்க பையன் காலத்துக்கு வெச்சுக்கங்க" என்றார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு கதை.

இனி லிஃப்ட். மாஸி வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கலப்பை தூக்கவில்லை என்றால் முக்கால்வாசி மெக்கானிக்குகள் நேரே ஹைட்ராலிக் பம்பைத்தான் குறை சொல்வார்கள். பம்பு இருப்பதோ கியர் ஆயிலுக்குள்ளே, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில். வெளியே எடுப்பதென்றால் சீட்டையும் மேல்மூடியையும் இறக்கியாக வேண்டும், கூலி ஏறிக்கொண்டே போகும். இவர் முதலில் செய்தது, கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் தண்டான டாப் லிங்க் வந்து மாட்டுகிற இடத்தைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்ததுதான். உள்ளே கன்ட்ரோல் ஸ்பிரிங் 'டக் டக்' என்று ஆடியது.

ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்த ஏற்பாட்டின் உயிரே அந்த ஸ்பிரிங்தான். கலப்பை கெட்டி நிலத்தில் இறங்கும்போது டாப் லிங்க் முன்னால் தள்ளுகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, அது உள்ளே வால்வை நகர்த்தி லிஃப்ட்டை ஒரு துளி தூக்கிவிடுகிறது. நிலம் இளகினால் தானாக இறக்கிவிடுகிறது. அங்கே ஆட்டம் இருந்தால் அந்த ஆட்டம் தீரும் வரை வால்வுக்குச் சேதியே போகாது. வண்டி திணறிய பிறகுதான் கலப்பை ஏறும்.

நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வந்து, என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். "திருகிப் பாருங்க, சுத்தோணும். முன்னால பின்னால இழுங்க, அசையக் கூடாது. சுத்தலைன்னாலும் தப்பு, அசைஞ்சாலும் தப்பு." அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது கால் சுற்றுகூட இல்லை. பிறகு மேல்மூடியைத் திறந்து லிஃப்ட் பிஸ்டன் ரிங்கையும் சீல்களையும் மாற்றினார். சாயங்காலம் ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி நிறுத்தி, வண்டியை ஆஃப் செய்துவிட்டு, கொழுமுனைக்கு நேராகத் தூணில் சாக்பீஸால் கோடு போட்டார். காலையில் போனால் கோட்டுக்கு நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது. நான் பரவாயில்லை என்றேன். அவருக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடி பிரித்தார். வால்வுக்குப் போகும் ஒரு சின்ன ஓ-ரிங் ஓரத்தில் நறுக்குப் பட்டிருந்தது. அதற்குக் கூலி வாங்கவில்லை.

எங்கள் காட்டில் செம்மண் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஓடக்கல் வரும். முன்பெல்லாம் அந்த இடத்தில் லிவரில் கை வைத்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். இப்போது கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கிறது, பின்னால் கலப்பை ஒரு இணுக்கு எழும்புகிறது, தாண்டியதும் இறங்குகிறது. எத்தனை வருடமாக இந்த வசதி வேலை செய்யாமல் கிடந்ததோ தெரியவில்லை. அப்பாவுக்கே இது புதுச் செய்தி.

சரி, பெயின்ட். பழைய பானெட்டின் உள்பக்கமும் டூல் பாக்ஸ் அடியிலும் அந்தக் காலத்துச் சிவப்பு அப்படியே இருந்தது. அதைக் காட்டி நிறம் சேர்க்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, கடையில் கிடைத்த போஸ்ட் ஆபீஸ் ரெட்டை அடித்துவிட்டார்கள். மட்கார்டில் பட்டி தடிமனாகப் போட்டதால் விளிம்பின் மடிப்பே மழுங்கிவிட்டது. என்ஜினுக்கு அடிக்கும் சாம்பல் நிறம் கிரீஸ் நிப்பிள் மேலும், லிஃப்ட் லிவர் பக்கத்து எழுத்துகள் மேலும் சேர்ந்தே விழுந்திருந்தது. கேட்டால், "ஓடற வண்டிக்கு எதுக்குங்க கண்ணு மேக்கப்பு" என்கிறார். அவருக்கு அது வேலையாகவே தோன்றவில்லை, அதனால் எடுபிடிப் பையன்களிடம் விட்டுவிடுகிறார். ஆனால் அதற்கும் சேர்த்துத்தானே பணம் வாங்குகிறார்? கார் பெயின்ட் அடிக்கும் இடத்தில் பழைய தகட்டைக் காட்டிக் கம்ப்யூட்டர் மிக்ஸிங் செய்துகொள்வது மேல். நான் பானெட்டை அப்படித்தான் மறுபடி அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் சொன்னது 85,000 ரூபாய். முடிந்தது 1,12,000. கூடுதலில் பெரும்பகுதி கிளட்ச் பிளேட்டும் ஸ்டியரிங் பாக்ஸும். வண்டியைப் பிரிக்கும் முன் இரண்டையும் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பில் என்று எதுவும் இல்லை, ஒரு கணக்கு நோட்டுதான். கழற்றிய சாமான் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வண்டியோடு அனுப்பிவிட்டார், அந்த வகையில் சந்தேகத்துக்கு இடமில்லை. தேதி விஷயம் பேசிப் பயனில்லை. தை என்றால் பங்குனி.

போகிறவர்கள் ஸ்பேர் பார்ட்ஸை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒரிஜினலா லோக்கலா என்ற பேச்சு மிச்சம். எது எது தேவை என்று அவரே அட்டையில் எழுதித் தருவார். ஆடி, ஆவணியில் போகவே போகாதீர்கள். உழவு வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும், உங்கள் பழைய வண்டி பிரித்தது பிரித்தபடி புங்கமரத்தடியில் கிடக்கும். சித்திரையில் விட்டால் ஆடிப்பட்டத்துக்கு ஒருவேளை கைக்கு வரலாம்.