மொரிஸ் மைனருக்குப் புது ஸ்டார்ட்டர்: வயரை எந்த வழியில் இழுப்பது?

கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கிறது அப்பாவின் மொரிஸ் மைனர். 1962இல் இந்தக் காருக்கு வந்த 1098 சிசி எஞ்சின்தான் அதில் இருக்கிறது. அதன் பழைய லூக்காஸ் ஸ்டார்ட்டரின் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள் பகுதி) எரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து கியர் வைத்த சின்ன ஸ்டார்ட்டர் ஒன்றை எடுப்பித்தேன். பூட்டுவது அரை நாள் வேலை. வயர் வேலையில்தான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

உங்கள் பழைய மோட்டாருக்குக் கரி பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம். பிரஷ்ஷை மாற்றி, பென்டிக்ஸை (எஞ்சினின் பிளைவீலில் பல்லைக் கோத்துச் சுற்றும் பகுதி) பெற்றோலில் கழுவி, கிறீஸ் போடாமல் உலர்வாகப் பூட்டுங்கள், ஓடும். கிறீஸ் போட்டால் தூசி ஒட்டி அது இறுகிவிடும். புதிது வாங்குகிறவர்கள் தங்கள் பிளைவீல் பல்வளையத்துக்குப் பொருந்துமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

பழைய மோட்டாரில் இருப்பது ஒரேயொரு தடித்த போல்ட். அதற்கு மின்சாரம் கொடுக்கிற சொலினொயிட் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) தனியாக, பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதியதன் முதுகிலேயே சொலினொயிட் இருக்கிறது: தடித்த கேபிளுக்கு 30 என்ற முனை, சொலினொயிட்டை இயக்கும் மெல்லிய வயருக்கு 50 என்ற முனை. அப்படியென்றால் பழைய சொலினொயிட்டை என்ன செய்வது?

ஒரு வழி, எதையும் அசைக்காமல் விடுவது. பழைய கேபிளை 30இல் பூட்டி, 30இலிருந்து 50க்கு ஒரு துண்டு வயரால் பாலம் போட்டால் சரி. திறப்பைத் திருப்பும்போது மட்டுமே கேபிளில் மின்சாரம் இருக்கும் என்பதால் மற்ற நேரத்தில் பயமில்லை. நானும் முதலில் இப்படித்தான் செய்தேன். எஞ்சின் பிடித்தது, திறப்பை விட்டேன், ஆனால் கீழே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் கொஞ்சம் நீண்டுதான் அடங்கியது. என் மோட்டாருக்குள் இருப்பது நிலையான காந்தம். சுழன்றுகொண்டிருக்கும் அந்தக் கணத்தில் அதுவே டைனமோ போல மின்சாரம் பிறப்பிக்கும். அது பாலம் வழியாக 50க்குப் போய் சொலினொயிட்டை விடாமல் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு முறையும் பல் தேய்கிறது.

இன்னொரு வழி, பழைய சொலினொயிட்டை ஒதுக்கிவிட்டுத் திறப்பு வயரை நேரே 50க்குக் கொண்டுபோவது. இது வேண்டவே வேண்டாம். புதிய சொலினொயிட் பல்லை முன்னே தள்ளும் நேரத்தில், பழையது குடித்ததைப் போலப் பல மடங்கு மின்சாரம் குடிக்கும். அறுபது வருடத்துத் திறப்பு சுவிட்ச் அதைத் தாங்காது.

மூன்றாவதைச் சொன்னவர் காத்தான்குடியில் வாகன வயர் வேலை செய்யும் நானா. “தம்பி, பழசைக் கழற்றாதீங்க, அதை ரிலேயா வைங்க” என்றார். ரிலே என்றால் சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளைப் பழைய சொலினொயிட்டின் பற்றரிப் பக்க போல்ட்டுக்கு மாற்றினார். காலியான மற்ற போல்ட்டிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றை 50க்கு இழுத்தார். அவ்வளவுதான். திறப்பை விட்ட உடனே பல் திரும்பி வருகிறது. பொனட்டைத் திறந்து சொலினொயிட்டின் ரப்பர் பொத்தானை அழுத்தி எஞ்சினைச் சுற்றும் பழைய வசதியும் அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. அந்தக் கேபிளில் இப்போது எந்நேரமும் மின்சாரம் இருக்கிறது, பியூஸும் இல்லை. அசையும் எதிலும் உரசாமல் உறை போட்டு, கிளிப்பால் பிடித்து, 30க்கு ரப்பர் மூடி போட வேண்டும். பற்றரியில் கட்-அவுட் சுவிட்ச் ஒன்றும் வைத்தேன். இத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் ஏர்த்தை, அதாவது பற்றரியின் ஒரு முனை காரின் உலோக உடலான பொடியோடு சேர்வதை, மறக்கக் கூடாது. மைனர் பிறந்தபோது பற்றரியின் பொசிட்டிவ்தான் பொடியில் ஏர்த். பழைய மோட்டாருக்கு இது பொருட்டல்ல: அதில் காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள், முனையை மாற்றினாலும் அதே பக்கம்தான் சுற்றும். காந்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆகவே முதலில் நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்ற வேண்டும். பற்றரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றினோம். பிறகு டைனமோவின் எஃப் (F, காந்தச் சுருளுக்குப் போகும்) முனையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பொசிட்டிவிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஒரு நொடி தொட்டெடுத்தோம். டைனமோவின் பொசிட்டிவும் நெகட்டிவும் மாற அது போதும். ரேடியோ இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் உப்புக்காற்றில் கியர்பொக்ஸிலிருந்து பொடிக்குப் போகும் ஏர்த் பட்டை பச்சை பூத்து உதிர்ந்துவிடும். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் மின்சாரத்துக்கு வேறு நல்ல பாதை இல்லை. என் காரில் அது சோக் கம்பி வழியாகப் போயிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது அதன் உறை புகைந்தது, தொட்டால் சுட்டது. பட்டையை மாற்றி, போல்ட் இருக்கும் இடத்தைப் பளபளப்பாகச் சுரண்டிப் பூட்டி, மேலே வாசலின் பூசினோம். பிறகு எஞ்சினைச் சுற்றவிட்டு, பற்றரி பொசிட்டிவுக்கும் 30க்கும் நடுவே நானா மீற்றரை வைத்தார். 0.5 வோல்ட்டுக்கு மேல் இழந்தால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை என்று பொருள். 0.3 காட்டியது.