புதிய பாடத்துக்கு ஒப்புதல்: பல்கலைக்கழக வழியும் தன்னாட்சிக் கல்லூரி வழியும்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றின் பாசனத்தையும் விருப்பப்பாடமாக வைக்க ஒரு துறை விரும்புகிறது என்று கொள்வோம்.

அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரியாக இருந்தால், முன்மொழிவு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்குச் சென்று, உரிய கல்விசார் அமைப்புகளின் ஒப்புதலையும் பெற வேண்டும். அந்தப் பாடத்திட்டம் பல கல்லூரிகளுக்குப் பொதுவானது என்பதால், கன்னியாகுமரிக் கல்லூரியில் இதை யார் நடத்துவார், எந்த நூலைக் கொண்டு நடத்துவார் என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்விதான்.

தன்னாட்சி என்பது பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளும் உரிமை. 1987 முதல் அதைப் பெற்றுள்ள பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி போன்ற இடங்களில், துறைத் தலைவர் தலைமையிலான பாடத்திட்டக் குழுவே முதற்களம். துறை ஆசிரியர்களோடு வெளிப் பல்கலைக்கழக வல்லுநர் இருவரும், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவரும், தொழில்துறைப் பிரதிநிதியும், முன்னாள் மாணவர் ஒருவரும் அமர்ந்து, அலகுகளையும் மதிப்பீட்டு முறையையும் வரிவரியாகப் பார்த்த பின், கல்லூரியின் உயர் கல்விசார் அமைப்பான கல்விக்குழு ஒப்புதல் தரும். பட்டத்தை வழங்குவதென்னவோ பல்கலைக்கழகம்தான்.

வேகம் இரண்டாம் வழிக்கே. ஆனால் முன்மொழிந்தவரே குழுவிலும் இருப்பதால், வெளி வல்லுநர்கள் தேநீரோடு கையொப்பமிட்டுக் கிளம்பினால் பரிசீலனை வெறும் சடங்காகிவிடும். உள்ளூர்ப் பொருளுக்குத் தன்னாட்சி வழியையே நான் தேர்வேன். அடிப்படைப் பாடங்களுக்குப் பல்கலைக்கழகப் பொதுமையே பொருத்தம், ஏனெனில் கல்லூரி மாறும் மாணவர் அதனால் இடர்ப்படுவதில்லை.