டிஎன்எம்எஸ்சியா, கேஎம்எஸ்சிஎல்லா, ஜெம்மா? செங்கோட்டைல இருந்து பாத்தா எது தேறும்

நம்ம செங்கோட்டை, புளியரை பக்கம் காயத்துக்குக் கட்டுற காஸ் துணி, பேண்டேஜ் ஓட்டுறவங்களுக்கு எல்லாம் ஒரு ஆசை உண்டு, ஆரியங்காவு தாண்டுனா புனலூர், கொல்லம்னு ஆஸ்பத்திரியா இருக்கு, பேசாம கேரளா கவர்மெண்ட்டுக்கே அப்ரூவ்டு சப்ளையர் ஆயிரலாமேன்னு. ஆனா அங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மருந்து, சாமான் வாங்குற அரசு கம்பெனியான கேஎம்எஸ்சிஎல்லுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன் இருக்கு, டெண்டர் எடுத்தா புனலூர்ல எறக்கிட்டு மத்தியானச் சோத்துக்கு வீடு திரும்புற கதை இல்ல, ஆர்டர்ல காசர்கோடுன்னு இருந்தா அந்த லாரி வாடகையும் நீங்க போட்ட ரேட்டுக்குள்ளதான் அடங்கணும். பக்கத்து ஸ்டேட்டுங்கறதுக்காக மட்டும் அங்க போகாதீங்க.

நம்ம தமிழ்நாட்டுல அதே வேலையப் பாக்குற டிஎன்எம்எஸ்சி 1994ல வந்தது, கேரளாக்காரங்க 2007ல ஆரம்பிச்சதும் கிட்டத்தட்ட அதே மாடல்தான். ரெண்டுலயும் ஈ-டெண்டர், டெண்டருக்குக் கட்டுற முன்பணம், பழைய டர்ன்ஓவர் கணக்கு, எல்1 ரேட், அதாவது இருக்கறதுலயே கம்மியா கேட்டவன் ரேட். மெயினா பாக்க வேண்டியது பணம் எங்க மாட்டும்ங்கறது. டிஎன்எம்எஸ்சில சரக்கு குடோனுக்குப் போன உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிராது, தனியா ஒதுக்கி வச்சு சாம்பிள் எடுத்து, கம்பெனி பேர மறைச்சு கோடு நம்பர் போட்டு லேபுக்கு அனுப்புவாங்க. ஸ்டெரைல் ஐட்டம்னா ஸ்டெரிலிட்டி டெஸ்டுக்கே 14 நாள் வச்சுப் பாக்கணும், பாஸ் ஆனாத்தான் பில்லு நகரும், அதுவரைக்கும் நூலுக்கும் கூலிக்கும் நீங்கதான் கைக்காசு போடணும். போதாததுக்கு பாக்கெட்ல அரசு முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல'வும் அடிச்சிருக்கும், ஆர்டர் கேன்சல் ஆச்சுன்னா அத மெடிக்கல் ஷாப்ல தள்ளவும் முடியாது. இருந்தாலும் ரெண்டுல ஒண்ணுன்னா நான் டிஎன்எம்எஸ்சின்னுதான் சொல்வேன், பேப்பர்ல சந்தேகம்னா சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுனா காலைல எழும்பூர், ஆபீஸும் அங்கயேதான்.

ஜெம் வேற மாதிரி. 2016ல வந்த, சென்ட்ரல் கவர்மெண்ட் ஆன்லைன்ல சரக்கு வாங்குற போர்ட்டல், ரயில்வே ஆஸ்பத்திரி, இஎஸ்ஐசி, ஜிப்மர் மாதிரி இடமெல்லாம் இதுல வாங்குது. எந்த ஊருக்கு சப்ளைன்னு பிட்லயே (ஆன்லைன் ஏல அறிவிப்புலயே) தெரிஞ்சிரும், நமக்கு ஒத்து வராதத விட்ரலாம், சின்ன ஆளுக்கு இதவிட என்ன வேணும். சரக்க ஏத்துக்கிட்டதா சர்டிபிகேட் குடுத்தா 10 நாள்ல பணம்னு ரூல், சில எடத்துல அது ஏட்டுச் சுரைக்காய்தான். தொந்தரவு என்னன்னா நாடு பூரா உள்ளவனும் அதே பிட்ல ரேட்ட அடிச்சுக் கீழ தள்ளுவான்.

இன்னொண்ணு, இத நெறைய பேரு கவனிக்கறதே இல்ல. பேண்டேஜ் துணி நெய்யுற ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டில துணி எடுத்து அப்படியே விக்கிற டிரேடரா நீங்க, இல்ல சொந்தமா யூனிட் வச்சிருக்கீங்களா? சிறு குறு தொழில் பதிவான உத்யம் நம்பர் ரெண்டு பேருக்கும் கெடைக்கும், ஆனா சென்ட்ரல் டெண்டர்ல சிறு குறு யூனிட்டுக்குன்னு இருக்கிற முன்பண விலக்கு, 25 சதவீத கொள்முதல் ஒதுக்கீடு, 45 நாளுக்கு மேல இழுத்தா வட்டி கேக்குற உரிமை, இதெல்லாம் தயாரிக்கிறவங்களுக்குத்தான், டிரேடருக்குக் கெடையாது.

அதனால யூனிட் இருந்தா மொதல்ல ஜெம்ல சின்னச் சின்ன ஆர்டரா எடுத்து சப்ளை ரெக்கார்ட சேத்துக்கோங்க, அப்புறம் டிஎன்எம்எஸ்சி, கையில நல்லாப் பணம் பெரண்டா மட்டும் கேரளா. டிரேடர்னா டெண்டர் பேச்ச அப்புறம் வச்சுக்கலாம், மருந்து விக்கிற லைசென்ஸ் கையில இல்லன்னா மருத்துவ சாமான் விக்கறதுக்கான எம்டி-42 பதிவ மொதல்ல முடிங்க. ஸ்டெரைல் பண்ற யூனிட்டுக்கு எம்டி-5ங்கற தயாரிப்பு லைசென்ஸ் வேணும், 2022 அக்டோபர்ல இருந்து ஆபத்து கம்மியான கிளாஸ் ஏ, பி மருத்துவ சாமானுக்கும் அது கட்டாயம், ஸ்டெரைல் இல்லாத, அளவு காட்டாத கிளாஸ் ஏ ஐட்டத்துக்கு மட்டும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட போர்ட்டல் பதிவோட விட்ருவாங்க.