குழந்தைகளோடு குரூப் கேம்பிங்: கொடைக்கானல் மேல்மலையில் எங்களுக்கு நடந்தது, பணம் கட்டும் முன் படியுங்கள்

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வார இறுதியில் குரூப்பாகக் கேம்பிங் போகலாம் என்று யாராவது போஸ்டர் அனுப்பினால், விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ராத்திரி தங்கப்போகும் இடத்தின் பெயர் என்ன? அங்கே எங்களுக்குப் பொறுப்பு யார்? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள். போன தை மாதம் எங்கள் குடும்பமும் மதுரையிலிருந்து வந்த இன்னும் சில குடும்பங்களும் மேல்மலைக் குளிரில் கைக்குழந்தைகளோடு பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்ஆப்பில் வந்த போஸ்டரில் சொன்னது இது: பெரியவர்களுக்கு 3,500 ரூபாய், ஐந்து வயதுக்கு மேல் பாதிக் கட்டணம். குடும்பத்துக்கு ஒரு பெரிய டென்ட், குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, எப்போதும் வெந்நீர், ஏழு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, முதலுதவி தெரிந்த ஒருவர் கூடவே இருப்பார். 'குடும்பங்கள் மட்டும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பாதுகாப்புக்காக லொகேஷனைக் கிளம்புற அன்னைக்குத்தான் அனுப்புவோம்" என்றார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

அந்த லொகேஷனை அரசாங்கப் பதிவிலும் மறைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கொடைக்கானல் போகிற வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். எங்கள் வேனுக்கு ஏற்பாட்டாளரே எடுத்துக் கொடுத்தார். மலை ஏறும்போது அதைத் திறந்து பார்த்தால், தங்குமிடம் என்ற இடத்தில் டவுனுக்குள் இருக்கும் ஏதோ ஒரு லாட்ஜின் பெயர் இருந்தது. எங்களைக் கூட்டிப் போனது பூம்பாறையைத் தாண்டி ஒரு தோட்டத்துக்கு. அதாவது, ராத்திரி ஏதாவது நடந்து யாராவது தேடி வந்தாலும் அரசாங்கப் பதிவில் நாங்கள் வேறொரு இடத்தில் இருக்கிறோம்! அப்படி ஒரு பாஸ் கையில் வந்தால் மலை ஏறுவதற்கு முன்பே நிறுத்திக் கேட்டுவிடுங்கள்.

அந்தத் தோட்டம் படிப்படியாக வெட்டிய காய்கறி நிலம். அறுவடை முடிந்த பாத்திகளின் மேலேயே டென்ட் அடித்திருந்தார்கள். சுற்றிலும் ஒரு வேலிகூட இல்லை. மூன்றடி, நாலடி இறக்கம் ஒவ்வொரு வரப்புக்கும். ஓடியாடும் வயதுப் பிள்ளைகளுக்கு இருட்டில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை, விளக்கு என்று இருந்ததே ஒரே ஒரு எல்இடி பல்பு.

டென்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலருக்கும் இது தெரிவதில்லை. மலைக்குளிருக்கான டென்ட்டில் இரண்டு அடுக்கு இருக்கும். உள்ளே காற்றுப் போகிற துணி, மேலே தண்ணீர் இறங்காத உறை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி. எங்களுக்குக் கொடுத்தது ஒற்றைத் துணி, கடற்கரையில் வெயிலுக்குப் போடுகிற ரகம். பத்து மணிக்கெல்லாம் நாங்கள் விட்ட மூச்சே உள்பக்கம் நீராகப் படிந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. என் பெண்ணின் தலைப்பக்கம் ஸ்வெட்டர் நனைந்து, முடியெல்லாம் ஈரம். கீழே விரித்திருந்த ஃபோம் ஷீட் பார்சலுக்குச் சுற்றுகிற கனம்தான் இருக்கும். மார்கழி, தையில் மேல்மலையில் உறைபனி விழும், ராத்திரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடியில் கனமான மேட் இல்லாவிட்டால் குழந்தையின் முதுகு சில்லிட்டுவிடும். 'நாலு பேர் டென்ட்' என்று விற்பதும் நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கிற அளவுதான், ஒரு பை வைக்கக்கூட இடம் இருக்காது.

கழிப்பறை எல்லோருக்குமாக இரண்டே இரண்டு. வெந்நீர் பக்கெட்டுக்கு 50 ரூபாய் தனி. சாப்பாடு வரும்போது பிள்ளைகள் அழுது தூங்கியே போயிருந்தார்கள். குடும்பங்கள் மட்டும் என்ற இடத்தில், பக்கத்துப் பாத்தியில் ஒரு பையன்கள் கூட்டம் ஸ்பீக்கர் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வேறொருவர் மூலம் பணம் கட்டி வந்தவர்களாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. குளிர் தாங்காமல் குழந்தைகள் அழுவதைக் கேட்டு, அங்கே வேலை பார்த்த தம்பி ஒருவர் ஒவ்வொரு டென்ட்டாக ஓர் இரும்புச் சட்டியில் கரிக்கங்கு கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா, உள்ள வச்சு ஜிப்ப இழுத்து விட்டுருங்க, விடியவிடிய கதகதன்னு இருக்கும்." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், குளிருக்காக அறைக்குள் பார்பிக்யூ அடுப்புக் கரியை வைத்துக்கொண்டு படுத்த இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. கரி கனன்று வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இருமல்கூட வராது. தூக்கத்திலேயே மயக்கம் போட்டுவிடும். பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் குழந்தைகளை அது முதலில் பிடிக்கும். என் கணவர் ஒவ்வொரு டென்ட்டாகப் போய்ச் சட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னார். ஒரு டென்ட்டில் ஏற்கெனவே ஜிப்பை மூடிவிட்டார்கள். உள்ளே எட்டு மாதக் குழந்தை. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. டென்ட்டோ, அறையோ, காரோ, மூடிய இடத்துக்குள் கங்கு, அடுப்பு எதையும் வைக்க விடாதீர்கள்.

நடு ராத்திரியில் என் பையனுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. முதலுதவி தெரிந்த ஆள் என்று ஒருவரும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஏற்பாட்டாளர் எங்களோடு மலை ஏறவே இல்லை. தோட்டத்தில் இருந்தவரிடம் கேட்டால், "நாங்க இடத்தைத்தாண்ணே வாடகைக்கு விட்டிருக்கோம், டென்ட் வேற ஆளோடது" என்றார். டென்ட்காரரோ சாயங்காலமே கிளம்பிப் போயிருந்தார். பணம் வாங்கியவர் ஒருவர், டென்ட் அடித்தவர் ஒருவர், நிலத்துக்காரர் இன்னொருவர். கைமாற்றிக் கைமாற்றி விட்டதில், குழந்தைக்கு உடம்புக்கு முடியாத நேரத்தில் பதில் சொல்ல ஆளே இல்லை. எங்கள் வேன் டிரைவர் அண்ணன்தான் பனிமூட்டத்தில், காட்டுமாடு குறுக்கே நிற்கும் அந்த ரோட்டில், பொறுமையாக ஓட்டிக்கொண்டு கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் சேர்த்தார். நெபுலைசர் வைத்த பிறகுதான் பையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்த அண்ணனுக்கும் ராத்திரி டியூட்டி நர்ஸுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அனுமதி, உரிமம் என்பதெல்லாம் வெறும் காகிதம் என்று ஏற்பாட்டாளர்கள் பேசுவார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள், அந்தக் கூட்டத்தில் குழந்தைகளோடு வந்தவர்களும் இருந்தார்கள். மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் விதிகள் வந்ததே அதற்குப் பிறகுதான். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே, டென்ட்டில் தங்க வந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அங்கே டென்ட் போட அனுமதி இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அனுமதி கேட்டால் யாராவது வந்து வேலியைப் பார்ப்பார்கள், வழியைப் பார்ப்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் இடத்தின் பெயரையே மறைக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "புக்கிங்கில் நோ ரீஃபண்ட் என்று போட்டிருக்கிறோமே" என்றார்கள். சொன்னதைச் செய்யாதவர் அப்படி ஒரு வரியைக் காட்டித் தப்பித்துவிட முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தோம். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

எங்களோடு வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வாட்ஸ்ஆப் குரூப்பை ஏற்பாட்டாளர் கலைத்துவிட்டார். போஸ்டர், பணம் கட்டிய ரசீது, இ-பாஸ், டென்ட்டின் போட்டோ, மருத்துவச் சீட்டு எதையும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். தனித்தனியாகப் போடுவதைவிட எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.