தோனியோடு இரண்டு வருஷம் (கிரிக்கெட் தோனி இல்லை)

மகன் பிளாக்குகளை ஒட்டி புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச்சை விட்டு, வரிவரியாக எழுதிச் செய்யும் பைத்தானுக்கு வந்த புதிதில் வீட்டில் ஒரே குரல்தான்: "அப்பா, ஒர்க் ஆகல!" நான் போய் மவுஸைப் பிடுங்கிச் சரிசெய்து கொடுப்பேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதே குரல். ஸ்கிராட்ச்சில் பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது. பைத்தானில் ஒரு கோலன் (:) விட்டுப்போனால் போதும், சிவப்பு எழுத்தில் திட்டு விழும். அதைப் படிக்காமலேயே என்னைக் கூப்பிடுவான்.

அப்போது இறக்கியதுதான் தோனி (Thonny). எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்பவர்களுக்காக உருவான, பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்கும் எடிட்டர். இலவசம். பைத்தானும் உள்ளேயே வந்துவிடுகிறது. எங்கள் பழைய லேப்டாப்பிலும் தகராறு செய்யவில்லை.

முதல் மாதம் அதன் அருமை எனக்கே தெரியாது. பிறகு ஒரு நாள் வாய்ப்பாடு புரோகிராம் எழுதினான். 7 என்று கொடுத்தால் 7, 14, 21 வர வேண்டும். வந்ததோ 7, 77, 777! காபி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தேன், மவுஸைத் தொடவில்லை. "டீபக் போட்டு ஒவ்வொரு படியாப் போ" என்றேன். புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டித் தவறு தேடும் வசதி அது. பெருக்கல் வரி வந்ததும் மாறியின் (மதிப்பை வைத்திருக்கும் வேரியபிள்) பெயர் இருந்த இடத்தில் '7' என்று மேற்கோள் குறியோடு வந்து நின்றது. பக்கத்தில் 2, குறி இல்லாமல். அடுத்த தட்டில் '7' இரண்டு முறை ஒட்டி '77'. மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். "அப்பா, இது நம்பரே இல்ல, எழுத்து!" இன்புட்டில் வாங்குவது எழுத்தாகத்தான் வரும் என்று நான் தலைகீழாக நின்று சொல்லியும் ஏறாத விஷயம் அது.

சாஃப்ட்வேர் மட்டும் போதாது. ஒரு சட்டமும் போட்டோம்: என்னைக் கூப்பிடுமுன் என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது, எந்த வரியில் என்று பாட்டியிடம் சொல்ல வேண்டும். பாட்டிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதுதான் சௌகரியம். "ஏன்டா, அப்படின்னா என்ன?" என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்லும்போதே பாதி நாள் தவறு பிடிபட்டுவிடும்.

குறை இல்லாமல் இல்லை. எர்ரர் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரே வரிகள் திரும்பத் திரும்ப ஓடும் சுற்று நூறைத் தாண்டினால் படிப்படியாகப் போய்ப் பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும். பைத்தானில் கேம் எழுத உதவும் பைகேமில் விளையாட்டு எழுத ஆரம்பித்ததும் அந்த வழி சுத்தமாக ஒத்துவரவில்லை. அங்கே நடுநடுவே பிரிண்ட் போட்டு, மதிப்புகளைத் திரையில் வரவழைத்துத்தான் தவறைத் தேடுகிறான்.

இப்போது பெரிய எடிட்டருக்கு மாற வேண்டுமாம். எதற்கு என்று முதலில் பாட்டியிடம் சொல் என்றிருக்கிறேன்.