அமெரிக்க மாட்டு விலை அறிக்கை: நெப்ராஸ்காவுக்கு நம்பலாம், கொலராடோவுக்கு முடியாது

அமெரிக்காவில் கொழுக்க வைத்து வெட்டப்படும் மாடுகளில் சுமார் 85% டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கு கம்பெனிகளின் ஆலைகளுக்குப் போகிறது. 1980-இல் முதல் நான்கு கம்பெனிகளின் பங்கு 36%தான். வாங்குகிறவர்கள் இப்படிச் சுருங்கிவிட்ட சந்தையில் பக்கத்து ஃபீட்லாட் (தீனி போட்டு மாடுகளைக் கொழுக்க வைக்கும் பண்ணை) நேற்று என்ன விலைக்கு விற்றது என்று தெரிந்துகொள்ள, வேளாண் துறை இலவசமாகத் தரும் கட்டாய விலை அறிக்கையை விட்டால் நம்பகமான பொது வழி கிடையாது.

1999-இல் சட்டம் வந்தது. 2001 ஏப்ரலில் அறிக்கை தொடங்கியது. ஆண்டுக்கு 1,25,000 மாடுகளோ அதற்கு மேலோ வெட்டும் ஆலைகள் வாங்கிய எண்ணிக்கை, எடை, விலை ஆகியவற்றைத் தினம் இரண்டு முறை கொடுக்க வேண்டும். இணையத்தில் பார்க்கலாம், மின்னஞ்சலில் வரவழைக்கலாம், பழைய விவரங்களையும் இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் சந்தைக் கடிதங்கள் பலவும் இதே எண்களைத்தான் அலங்கரித்துத் தருகின்றன.

அறிக்கைகள் ஏராளம். இரண்டு போதும். முதலாவது, ஐந்து பகுதிகளின் வாராந்தர எடையிட்ட சராசரி (எல்எம் சிடி 150). டெக்சாஸ்-ஓக்லஹோமா-நியூ மெக்சிகோ, கன்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோ, அயோவா-மினசோட்டா ஆகியவையே அந்த ஐந்து. இரண்டாவது, பெட்டியில் அடைத்த இறைச்சியின் பிற்பகல் அறிக்கை (எல்எம் எக்ஸ்பி 403). ஆலை என்ன விலைக்கு விற்கிறது என்பது இதில் தெரியும்.

முதலாவதில் பலர் வழுக்கி விழும் இடம், உயிர் எடை விலையையும் உரித்த எடை (தோல், தலை, குடல் நீக்கிய உடலின் எடை) விலையையும் குழப்புவது. உயிர் எடை விலை ஃபீட்லாட்டிலேயே முடிகிறது, வண்டிக் கூலி ஆலையைச் சேர்ந்தது. உரித்த எடை விலை ஆலை வாசலில் முடிகிறது, வண்டிக் கூலி விற்பவர் தலையில். உயிர் எடையில் சுமார் 63% உரித்த எடையாக நிற்கும் என்று வைத்துக்கொண்டு மாற்றிப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். அடுத்து, மந்தையில் சாய்ஸ் என்ற இறைச்சித் தரம் எத்தனை சதவீதம் என்ற வரியைப் பாருங்கள். 65-80% வரியில் இருக்கும் மந்தையை 35-65% வரியின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். தினசரி அறிக்கைகளில் திங்கள், செவ்வாய் விலையை நம்பாதீர்கள். ரொக்க வியாபாரம் (முன் ஒப்பந்தம் இல்லாமல் அப்போதே பேரம் பேசி விற்பது) பெரும்பாலும் வாரத்தின் பிற்பகுதியில்தான் நடக்கிறது. அதற்கு முன் சில நூறு மாடுகளின் விலையே 'சந்தை விலை' போலத் தெரியும். விலையைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஆலை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள மொத்த இடைவெளியை நீங்களே கணக்கிடலாம். உதாரணத்துக்கு ரொக்க விலை 100 பவுண்டு உயிர் எடைக்கு 230 டாலர், சாய்ஸ் கட்அவுட் (சாய்ஸ் தரப் பெட்டி இறைச்சியின் மதிப்பு, 100 பவுண்டு உரித்த எடைக்கு) 380 டாலர் என்று கொள்வோம். 230-ஐ 0.63-ஆல் வகுத்தால் 365, இடைவெளி 15. தோல், குடல், கொழுப்பு முதலான உபபொருள்களின் மதிப்பு தனி அறிக்கையில் உயிர் எடைக்கு வரும். அது 12 என்றால் உரித்த எடைக்கு 19. இரண்டும் சேர்ந்து 34. 900 பவுண்டு உரித்த மாட்டுக்கு 306 டாலர். கூலி, மின்சாரம், பெட்டி எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். உபபொருளை விட்டுவிட்டு "ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

இந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததுதான் இந்தச் சேவையின் பெரிய உபகாரம். 2019 ஆகஸ்டில் கன்சாஸின் ஹோல்கம்பில் டைசன் ஆலை தீப்பிடித்தபோது மாட்டு விலை இறங்கியது, பெட்டி இறைச்சி விலை ஏறியது. உபபொருள் சேர்க்காத இடைவெளி 100 பவுண்டுக்கு 67 டாலரைத் தொட்டது. 2020 மே மாதம், கொரோனாவால் ஆலைகள் முடங்கியபோது 279 டாலரைத் தாண்டியது. அறிக்கை இல்லாதிருந்தால் இவை வெறும் புலம்பலாகவே போயிருக்கும்.

இனி குறைகள். ஒரு பகுதியின் எண்ணை வெளியிட, 60 நாள் கணக்கில் பாதி நேரமாவது மூன்று கம்பெனிகள் விவரம் கொடுத்திருக்க வேண்டும்; எந்த ஒரு கம்பெனியும் 70%-க்கு மேல் பங்கு வகிக்கக் கூடாது; ஒரே கம்பெனி மட்டும் தகவல் தந்த நாட்கள் 20%-ஐத் தாண்டக் கூடாது. ரகசியம் காக்கும் விதி இது. கொலராடோவில் கிரீலியில் ஜேபிஎஸ், ஃபோர்ட் மோர்கனில் கார்கில் என்று இரண்டு பெரிய ஆலைகள்தான். அதனால் அங்கே அடிக்கடி எண்ணே வராது, ரகசியம் என்ற குறிப்புதான் வரும். போட்டி மிகக் குறைந்த இடத்தில்தான் விலை தெரிய வேண்டிய அவசியம் அதிகம்; அங்கேயே அறிக்கை வாய் மூடுகிறது. இது விதியை எழுதியவர்கள் திருத்த வேண்டிய குறை.

டெக்சாஸ் பக்கம் வேறு சிக்கல். பெரும்பகுதி ஃபார்முலா ஒப்பந்தத்தில் (பேரம் பேசாமல் ஒரு சூத்திரப்படி விலை முடிவாகும் ஒப்பந்தம்) போகிறது. பல ஆண்டுகளில் ரொக்கம் 10%-க்கும் கீழே. ஆனால் அந்த ஃபார்முலாவின் அடிப்படை விலை பெரும்பாலும் முந்தைய வார ரொக்கச் சராசரிதான். சில ஆயிரம் மாடுகளின் பேரம் பல்லாயிரம் மாடுகளின் விலையைத் தீர்க்கிறது. 2021 ஆகஸ்டில் ஃபார்முலா அடிப்படை விலைக்குத் தனி அறிக்கை வந்தது நல்ல முன்னேற்றம். ஆலைகளின் ஒப்பந்த விதிகளைத் தொகுத்து வேளாண் துறை 2023 ஜனவரியில் திறந்த ஒப்பந்த நூலகத்தையும் சேர்த்துப் படியுங்கள். பிரீமியம், தள்ளுபடி விதிகள் அதில் கிடைக்கும்.

ஒரு கம்பெனி விழுந்தால் அறிக்கையும் தடுமாறும். 2021 ஜூன் 1 அன்று, ஜேபிஎஸ் மீது நடந்த கணினித் தாக்குதலை அடுத்து, மொத்த இறைச்சி அறிக்கை தாமதமானது. 2013 அக்டோபர் அரசு முடக்கத்தில் முழுதாக நின்றது. அதனால் ஒப்பந்தத்தில் 'அறிக்கை வெளிவராவிட்டால் எந்த விலை' என்று ஒரு வரி எழுதி வாங்குவது கட்டாயம்.

பெட்டி இறைச்சி அறிக்கைக்குத் தாராளமாக முழு மதிப்பெண் கொடுக்கலாம். நெப்ராஸ்கா, அயோவா விலைகளும் ரொக்க வியாபாரம் உயிரோடு இருப்பதால் நம்பத்தக்கவை. ஆனால் நாளுக்குச் சுமார் 5,000 மாடு வெட்டக்கூடிய, நெப்ராஸ்காவின் லெக்சிங்டன் ஆலையை 2026 ஜனவரியோடு மூடுவதாக டைசன் 2025 நவம்பரில் அறிவித்தது. 2025-இல் அதே மாநிலத்தின் நார்த் பிளாட்டில் திறந்த புதிய ஆலையின் திறன் நாளுக்கு 1,500. நெப்ராஸ்கா விலையைப் பயன்படுத்துகிறவர்கள் இனி விலைக்கு முன்னால் ரொக்க மாடுகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் குறித்து வையுங்கள்.